கண் மூடாத குரூப் போட்டோ

உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவை எடுத்துப் பார்த்தாலும் ஒரு பிள்ளையாவது கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். கண்ணைத் திறந்து வைத்திருக்கிற பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டுமென்றால் நடக்கிற காரியமா? ஆனால் குரூப்காரர் எடுத்த போட்டோவில் மட்டும் முந்நூறு பேரும் கண்ணைத் திறந்து, வாயை மூடி, பெற்றவர்களே சந்தேகப்படும் அளவுக்கு ஒழுங்காக நிற்பார்கள். அந்தப் பேருக்காகவே ஊரிலிருந்த பள்ளிக்கூடம், தொழிற்சாலை, ஆஸ்பத்திரி எல்லாம் வருஷா வருஷம் அவரைத்தான் கூப்பிட்டன. எல்லோரும் குரூப்காரர் குரூப்காரர் என்று சொல்லிச் சொல்லி, யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. காமிராவை ஆடாமல் நிறுத்திவைத்து வரிசையாகப் பல படம் எடுப்பார். கடைக்கு வந்ததும் அவர் மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடின முகங்களைத் தேடித் தேடிச் சிவப்பு வட்டம் போடுவார். ஒரு படத்தில் கண்ணை மூடின பிள்ளை இன்னொரு படத்தில் திறந்திருக்கும். அந்தத் திறந்த கண்ணை எடுத்து இங்கே வைத்து, ஒட்டுப் போட்டது தெரியாமல் தேய்த்துவிடுவார் குரூப்காரர். வேலை முடிந்ததும் வட்டங்களை அழித்துவிடுவார். அவ்வளவுதான் விஷயம். பெற்றவர்கள் படத்தைப் பார்த்து, "எங்க வீட்டுல ஒரு நிமிஷம் நிக்கமாட்டான், இங்க எவ்வளவு சமத்தா நிக்கிறான் பாருங்க" என்று பூரித்துப்போவார்கள். பூரிக்கட்டும், நமக்கென்ன நஷ்டம்?

மனைவிக்கு ஊர் வைத்த பெயர் விசிலம்மா. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். உயரமானவர்களைப் பின்னால் தள்ளி, சிரிக்கிறவர்களைப் பிரித்து நிறுத்தி, உட்காரமாட்டேன் என்கிற மேனேஜரை ஒரே பார்வையில் உட்கார வைப்பது அவர் வேலை. ஆயிரம் முகத்தில் ஒரு மூடின கண்ணை எட்ட நின்றே கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு குறை. தன்னைப் படமெடுத்தால் கண்ணை மூடிவிடுவார். எத்தனை தடவை எடுத்தாலும், தலைகீழாக நின்று எடுத்தாலும், பட்டனை அழுத்துகிற அந்த நொடியில் இமை இறங்கிவிடும்.

கல்யாணப் போட்டோவிலும் அதேதான் நடந்தது. அப்போது குரூப்காரர் வேறொருவர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியே வந்து படமெடுத்தார். பிலிம் காலம். கழுவிப் பார்த்தால் மணப்பெண்ணுக்குக் கண் மூடியிருந்தது. முதலாளி பார்த்தார், மெல்லிய பிரஷ்ஷை எடுத்துப் படத்தின் மேலேயே இரண்டு கண்ணை வரைந்துவிட்டார். வரைந்ததும் வரைந்தார், போலீஸ் இன்ஸ்பெக்டர் கண்ணாக வரைந்துவிட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் படம்தான் கண்ணில் படும். வந்தவர்கள் எல்லோரும் ஏதோ விசாரணைக்கு வந்தவர்களைப் போல நாற்காலி நுனியில் உட்காருவார்கள்.

"கண்ணை மூடிக்கிட்டுத்தான் என்னைக் கட்டிக்கிட்டா," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார் குரூப்காரர். "நான் பாருங்க, நல்லா முழிச்சுப் பார்த்துத்தான் கட்டிக்கிட்டேன்."

"அந்தக் கண்ணு என்னோடது இல்ல. அது யாருன்னே எனக்குத் தெரியாது," என்பார் விசிலம்மா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் தூசி தட்டும்போது அந்தப் படத்தை மட்டும் பார்க்காமல் தட்டுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு தொலைநோக்கி வந்து விழுந்தது. விசிலம்மாவின் தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. ஆசைப்பட்டு வாங்கி இரண்டு தடவை நிலாவைப் பார்த்துவிட்டுப் போட்டுவைத்திருந்த தொலைநோக்கியைக் கொண்டுவந்து அக்கா வீட்டில் இறக்கினான். "அத்தான், இதைப் பத்திரமா பார்த்துக்கோங்க. ரொம்பக் காஸ்ட்லி. தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். ஒரு போட்டோக்காரரிடம் ஒரு லென்ஸைக் கொடுத்துத் தொடாதே என்று சொன்னால் என்ன ஆகும்? அவன் விமானம் தரை இறங்குவதற்குள் குரூப்காரர் அதை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டார்.

நிலா, வளையம் போட்ட கிரகம், எல்லாம் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒற்றை ஆள் படத்தில் அவருக்கு என்றைக்குமே ருசி கிடையாது. ஒருநாள் சாயங்காலம் அங்கே இங்கே திருப்பிக்கொண்டிருந்தபோது, பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல ஒன்று தென்பட்டது. லென்ஸில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தார். போகவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பஞ்சின் ஓரத்தில் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது. காமிராவை மாட்டி, ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்து எடுத்தார். படத்தைப் பார்த்ததும், "இந்தாம்மா, கொஞ்சம் மேல வா," என்று கூப்பிட்டார்.

விசிலம்மா பார்த்தார். கறுப்புத் துணியில் சர்க்கரையைக் கொட்டினதுபோல, உருண்டையாக, ஓரத்தில் சிதறலும் நடுவில் குவியலுமாக நட்சத்திரங்கள்.

"எவ்வளவு பேருங்க இது?" என்றார்.

"லட்சக்கணக்குலன்னு நெட்டுல போட்டிருக்கான்."

"யாரு வரிசையில நிறுத்தினது? ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்குது. பின்னால நிக்கிறவங்க முகமே தெரியலையே."

அன்றைக்குப் பிடித்தது பித்து. அந்த மாதிரிக் கூட்டத்துக்கு உருண்டை விண்மீன் கொத்து என்று பெயராம். இந்தக் கொத்துக்கென்று தனிப் பெயர்கூட இல்லை, ஏதோ ஒரு பட்டியலில் வெறும் எண்தான். அது குரூப்காரருக்கு இன்னும் பிடித்துப்போனது. அவரையும் யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

ஆனால் படம் அவ்வளவு சுலபத்தில் வசப்படவில்லை. நிறைய நேரம் திறந்து வைத்தால் ஓரத்து மங்கல் நட்சத்திரங்கள் வந்தன, நடு எரிந்து வெள்ளைக் கட்டியாகிவிட்டது. நடுவரிசையில் ஒருத்தர் முகமும் தெரியாத குரூப் போட்டோவை வெளியே காட்ட முடியுமா? மானம் போய்விடாதா? கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் நடு தெளிந்தது, ஓரத்துக் கூட்டம் காணாமல் போனது. கடைசியில் நடுவுக்குச் சின்னச் சின்னப் படங்கள், ஓரத்துக்கு நீண்ட படங்கள் என்று தனித்தனியாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தார். அடுக்க அடுக்க இருட்டு சுத்தமாயிற்று, மறைந்திருந்தவை தலைகாட்டின. பக்கத்து மாடியில் துணி எடுக்க வருகிறவர்கள், குரூப்காரருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பல சாயங்காலம் எடுத்தார். ஒவ்வொரு சாயங்காலத்துக்கும் ஒரு படம் என்று சேர்ந்தது. இந்த இடத்தில்தான் ஆசை உள்ளே நுழைந்தது.

ஊரில் புது நூலகம் கட்டி முடித்திருந்தார்கள். வாசலைத் தாண்டியதும் மாடிப்படி ஏறுகிற இடத்தில் ஒரு பெரிய சுவர் வெறுமையாக இருந்தது. அதில் மாட்ட, உள்ளூர்க்காரர் யாராவது எடுத்த வானப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும்படி ஊரில் வானம் பார்க்கிறவர்கள் நடத்துகிற நட்சத்திரச் சங்கத்தைக் கேட்டிருந்தார்கள். குரூப்காரரும் சமீபத்தில் அந்தச் சங்கத்தில் சேர்ந்திருந்தார்.

அந்தச் சுவர் அவருக்கு வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் வேண்டும், குழந்தை பொம்மைக்கு அழுவதுபோல வேண்டும். அவர் எடுத்த படங்கள் ஊர் முழுக்கத் தொங்கின. யாரும் நின்று பார்த்ததில்லை. எல்லோரும் தன் முகம் எங்கே என்று தேடுவார்கள், கிடைத்ததும் போய்விடுவார்கள். தான் எடுத்த ஒரு படத்தின் முன்னால் பத்துப் பேர் சும்மா நின்று வாயைப் பிளக்க வேண்டும், அதைத் தூணுக்குப் பின்னால் நின்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும். இதுதான் ஆசை. விசிலம்மாவிடம் மட்டும் சொன்னார்.

"கிடைக்கும், ஏன் கிடைக்காது? நம்ம போட்டோவுல குறை சொல்ல யாருக்கு வாயிருக்கு?" என்றார் விசிலம்மா.

அப்புறம் என்ன, தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். விசிலம்மா வழக்கம்போலக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு சாயங்காலத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது நேத்து பளிச்சுன்னு இருந்துச்சு, இன்னைக்குத் தூங்குது," என்று வட்டம் போட்டார். "இது இங்க சரி, அங்க மங்கல்," என்று இன்னொன்று. ஏதோ மேகமோ தூசியோ குறுக்கே வந்திருக்கும் என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள். குரூப்காரர் மங்கின இடத்திலெல்லாம் பளிச்சென்ற நாளின் நட்சத்திரத்தை எடுத்து வைத்தார், ஒட்டுத் தெரியாமல் தேய்த்தார், வட்டங்களை அழித்தார். முடிந்ததும் கொத்து முழுக்க ஒரு நட்சத்திரம்கூடத் தூங்கவில்லை. அப்படி ஒரு படம்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் மாடியறையில், பெயின்ட் வாசனை போகாத சுவரோரமாகப் படங்களை வரிசையாக நிறுத்தினார்கள். சங்கத்திலிருந்த பல் டாக்டர் கொண்டுவந்தது ரோஜாப்பூவைப்போல விரிந்த ஒரு வாயுமேகம், சிவப்பும் நீலமுமாக. பார்த்ததுமே எல்லோரும் "அடடா" என்றார்கள். ஆனால் குரூப்காரர் தன் படத்தைத் திருப்பி வைத்ததும் எல்லோரும் ரோஜாவை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். பல் டாக்டரே பக்கத்தில் வந்து, "எப்படிங்க நடுவு இவ்வளவு கிளீனா வந்துச்சு?" என்று கேட்டார். குரூப்காரருக்கு வாயெல்லாம் பல்.

சங்கத்தின் தலைவர் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. படிக்கிற காலத்தில் இதே கொத்தை ஒரு வருஷம் முழுக்கப் பார்த்துக் கிடந்தவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, படத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு மாதிரியான குழப்பம்.

"தம்பி, இது எந்த நாள்ல எடுத்தது?"

"ஒரு நாள் இல்லீங்க டீச்சரம்மா. பல நாள் எடுத்தேன்."

"பல நாள் எடுத்து எல்லாத்தையும் அடுக்கினீங்களா?"

குரூப்காரர் பெருமையாக விளக்கினார். எந்தெந்த நட்சத்திரம் எந்தெந்த நாளில் மங்கியிருந்ததோ, அதையெல்லாம் தன் மனைவி கண்டுபிடித்தது, நல்லதாக இருந்த நாளிலிருந்து எடுத்துத் தான் ஒட்டியது, ஒன்றைக்கூட விடாதது எல்லாம் சொன்னார். தொழில் ரகசியம், வெளியே சொல்லாதீர்கள் என்றும் சொன்னார்.

டீச்சரம்மா சிரிக்க ஆரம்பித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, நட்சத்திரத்துக்கெல்லாம் கண்ணைத் திறந்து விட்டுட்டீங்களே."

"புரியலீங்க."

"அதுங்க தூசியால மங்கல. அதுங்களே மங்குதுங்க. இந்தக் கொத்துல நூத்துக்கு மேல அந்த மாதிரி இருக்கு. ஊதிப் பெருக்கும், சுருங்கும், பளிச்சுன்னு ஆகும், மங்கும். அரைநாளுக்கு ஒரு தடவை, கொஞ்சம் முன்ன பின்ன. காத்துல மினுமினுன்னு ஆடுதே, அது வேற. இது நிஜமாவே கண்ணை மூடித் திறக்கிறது. ஒண்ணு மூடும்போது இன்னொண்ணு திறந்திருக்கும். எல்லாம் ஒரே நேரத்துல திறந்திருந்ததா சரித்திரமே இல்ல."

குரூப்காரர் விடவில்லை. "மூடியிருந்தா என்னங்க, திறந்திருந்தா என்ன? பார்க்க நல்லா இருக்குதானே?"

டீச்சரம்மா ஜன்னலைக் காட்டினார். "தெருக்கோடியில ஒரு லைட் தெரியுது. பக்கத்துல இருக்கிற சின்ன பல்பா, தூரத்துல இருக்கிற பெரிய பல்பா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கிட்டப் போய்ப் பார்க்கணும்."

"போக முடியாது. ஆனா அது எத்தனை வாட் பல்புன்னு யாராவது சொல்லிட்டா? இவ்வளவு பெரிய பல்பு இவ்வளவு மங்கலாத் தெரியணும்னா இவ்வளவு தூரத்துல இருக்கணும்னு கணக்குப் போட்டுடலாம்ல? இந்தச் சிமிட்டற நட்சத்திரமெல்லாம் கிட்டத்தட்ட ஒரே வாட் பல்பு. அது சிமிட்டறதை வச்சுத்தான் அது யாருன்னு அடையாளம் தெரியும். அடையாளம் தெரிஞ்சாத்தான் இந்தக் கொத்து எவ்வளவு தூரத்துல இருக்குன்னு தெரியும். வெளிச்சம் வந்து சேரவே இருபதாயிரம் வருஷத்துக்கு மேல ஆகிற தூரம். அந்தக் கணக்கைச் சொன்னதே இதுங்கதான். நீங்க அதுங்களை எல்லாம் ஒழுங்காப் பார்க்கச் சொல்லி நிறுத்திட்டீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அழகாத்தான் இருக்கு. ஆனா இப்படி ஒரு வானம் ஒரு நாளும் இருந்ததில்ல தம்பி. இதை மாட்ட முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமைதான் முடிவு. வேற ஏதாவது இருந்தா கொண்டுவாங்க."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின யானைக்கு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. படத்தைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேருந்தில் இடமிருந்தும் உட்காராமல் வீடு வந்து சேர்ந்தார் குரூப்காரர். வாசலில் விசிலம்மா நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததும் உள்ளே போனார். டீயைக் கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போனது.

"அந்தச் சங்கமும் வேணாம், சுவரும் வேணாம்," என்றார் குரூப்காரர் கடைசியில். நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கோபம் வந்தது. "மூடின கண்ணோட ஒரு படத்தை நான் வெளிய கொடுக்கணுமாம். இத்தனை வருஷம் தொழில் பண்ணி, கடைசியில இப்படி ஒரு படத்துக்குக் கீழ நான் நிக்கணுமா? ஊரே சிரிக்காது?"

அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். விசிலம்மாவுக்குத் தெரியாததா? டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவைக் காட்டினார்.

"அது யாருங்க?"

"நீதான்."

"நான் இல்ல. அது உங்க முதலாளி வரைஞ்ச பொம்பளை. எனக்குக் கல்யாணம் ஆனதுக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கு, அதுல நான் இல்ல. கண்ணை மூடியிருந்தா இருந்துட்டுப் போகட்டுமே. மூடினவ நான்தானே? என்னைத் தெரிஞ்சவங்க பார்த்தா, ஆமா இவதான், இவளுக்குப் போட்டோன்னா கண்ணு மூடிக்கும்னு அடையாளம் சொல்லுவாங்கல்ல? அந்த இன்ஸ்பெக்டரை வச்சுக்கிட்டு யாரு என்னை அடையாளம் சொல்றது?"

சிரிக்காமல் சொன்னார். இத்தனை வருஷத்தில் இந்தப் பேச்சைச் சிரிக்காமல் பேசியது இதுதான் முதல் தடவை. குரூப்காரருக்குச் சுருக்கென்றது. தான் இத்தனை நாள் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. ஆறின டீயை எடுத்துக் குடித்தார்.

"நீ போட்ட வட்டத்தை எல்லாம் அழிச்சுட்டேனே," என்றார்.

"அழிச்சா என்ன, கண்ணு இருக்குல்ல?" விசிலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தார். "பழைய படமெல்லாம் இருக்கா, தூக்கிப் போட்டுட்டீங்களா?"

ஒட்டு வேலை செய்யாத சாயங்காலப் படங்கள் அப்படியே இருந்தன. அந்த வாரம் முழுக்கக் கடையை மூடின பிறகு இதே வேலைதான். விசிலம்மா தேடுவார், குரூப்காரர் தொடாமல் இருப்பார். இரண்டாவது வேலைதான் கஷ்டம். மங்கலான ஒன்றைப் பார்த்தால் கை தானாகப் பரபரத்துப் பளிச்சென்ற படத்தின் பக்கம் போகும். "கையை எடுங்க," என்பார் விசிலம்மா. ஒருமுறை நிஜமாகவே விசிலை ஊதிவிட்டார்.

சந்தேகம் வந்தால் டீச்சரம்மாவுக்குப் போன் போட்டார்கள். ஒருநாள் குரூப்காரர் கேட்டார்: "டீச்சரம்மா, நடுவுல யாரு உக்காந்திருக்கா? குரூப்புன்னா நடுவுல தலைமையாசிரியரோ முதலாளியோ இருப்பாங்கல்ல?"

"இதுல அப்படி ஒரு ஆள் தேவையே இல்ல தம்பி. ஒருத்தரை ஒருத்தர் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அந்த இழுப்புதான் கூட்டத்தைக் கலையாம வச்சிருக்கு. கோடிக்கணக்கான வருஷமா, நம்ம சூரியன் பிறக்கிறதுக்கு ரொம்ப முன்னாலேர்ந்து."

"இடிச்சுக்க மாட்டாங்களா? இவ்வளவு நெருக்கமா நிக்கிறாங்களே."

"தூரத்துலேர்ந்து பார்க்கிறதால நெருக்கம். அங்க போனா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல ஏகப்பட்ட இடம். இடிக்கிறது ரொம்ப அபூர்வம்."

போனை வைத்துவிட்டு, "விசில் இல்லாமலே நிக்குதாம் பாரு," என்றார் மனைவியிடம்.

"பெரியவங்க. சொன்னாப் புரிஞ்சிருக்கும்," என்றார் விசிலம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்துக்குப் பதில் பல படங்களைக் கொண்டுபோய் வரிசையாக வைத்தார் குரூப்காரர். ஒரே கொத்து, வேறு வேறு சாயங்காலம், ஒட்டுக் கிடையாது. முதல் படத்தில் மட்டும் ஒரே ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிச் சின்னதாகச் சிவப்பு வட்டம். கீழே, "இது எப்போது கண்ணை மூடுகிறது? மற்றவர்களையும் தேடுங்கள்" என்று எழுதியிருந்தது. வைத்துவிட்டுத் தூணைத் தேடினார். மாடியறையில் தூண் இல்லை, அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

வந்தவர்கள் பல் டாக்டரின் ரோஜாவைப் பார்த்தார்கள், அழகு என்றார்கள், நகர்ந்தார்கள். குரூப்காரர் படத்துக்கு வந்ததும் நின்றார்கள். நின்றவர்கள் நகரவில்லை. "இதோ, இது மூடியிருக்கு." "அட, அடுத்ததுல திறந்திருச்சு." "நீங்க தப்பாப் பார்க்கறீங்க, அது பக்கத்து வீட்டுக்காரன்." ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு தேடினார்கள். பல் டாக்டர் மூன்று கண்டுபிடித்துவிட்டு, நாலாவதைக் கண்டுபிடிக்காமல் டீ குடிக்க வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். டீச்சரம்மா, சுவர் யாருக்கு என்று கேட்பதுபோல அவரைப் பார்த்தார். "அட, சுவரைக் குரூப்காரருக்கே கொடுத்துடுங்க, தேடறவங்களை ஏன் தொந்தரவு பண்றீங்க?" என்றார் பல் டாக்டர் திரும்பாமலே.

அலமாரிக்குப் பின்னால் குரூப்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் என்ன, சந்தோஷத்தில்தானே?

நூலகத் திறப்பு நாளில் அந்தப் படங்கள் மாடிப்படிச் சுவர் முழுக்க ஆளுயரத்துக்கு நின்றன. அதன் முன்னால் சங்கத்தார் எல்லோரும் ஒரு குரூப் போட்டோ எடுக்க வேண்டும் என்றார் டீச்சரம்மா. வழக்கம்போலக் குரூப்காரர் காமிராவுக்குப் பின்னால் போனார். "நீங்க இங்க வாங்க தம்பி, அந்த அம்மாவையும் கூட்டிட்டு வாங்க," என்று இழுத்து நடுவில் நிறுத்திவிட்டார்கள். நூலகக் காவலாளி பட்டனை அழுத்தினார். "இன்னும் ரெண்டு எடுங்க, இன்னும் ரெண்டு," என்று குரூப்காரர் கெஞ்சினார். கதவைத் திறக்க வேண்டும், ஜனம் காத்திருக்கிறது என்று காவலாளி போய்விட்டார்.

மறுநாள் விசிலம்மா வழக்கம்போலக் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிதானமாக ஒரு சிவப்பு வட்டம் போட்டார்.

"மறுபடியும் மூடிட்டியா?" என்றபடி குரூப்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

படத்தில் விசிலம்மா பளிச்சென்று முழித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில், வட்டத்துக்குள், கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றது குரூப்காரர்.

"இது எப்படி?" என்றார் அவர். "அந்தக் காவலாளிக்கு எடுக்கத் தெரியல. எனக்குக் கண்ணு மூடவே மூடாது. வேணும்னா கல்யாணப் போட்டோவைப் பாரு."

"பார்த்துட்டாப் போச்சு," என்று விசிலம்மா எழுந்துபோய் அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடியைப் பிரித்தெடுத்து, வேலை பார்க்கிற விளக்கின் கீழ், உருப்பெருக்கி வைத்துப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கண்ணில் பிரஷ் இழுத்த கோடு மெல்லியதாகத் தெரிந்தது. உருப்பெருக்கியை மெதுவாகப் பக்கத்து முகத்துக்கு நகர்த்தினார். நின்றார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பில் பேச்சு வராமல் உருப்பெருக்கியை அவரிடம் நீட்டினார்.

குரூப்காரர் குனிந்து பார்த்தார். தன் கண்ணிலும் அதே பிரஷ், அதே கோடு, அதே இன்ஸ்பெக்டர். முதலாளி ஒருத்தருக்கு மட்டும் வரையவில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வரைந்திருக்கிறார். ஊரிலிருக்கிற அத்தனை பேருக்கும் கண்ணை மாற்றின கைக்கு, சொந்தக் கண்ணில் போட்ட ஒட்டு இத்தனை வருஷமாகத் தெரியவில்லை.

"எப்படிங்க பார்க்காம விட்டீங்க?" என்று சிரிப்பினிடையே கேட்டார் விசிலம்மா. "தினம் அதுக்கு முன்னாலதானே உக்காந்திருக்கீங்க."

குரூப்காரர் யோசித்துப் பார்த்தார். உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் அதுல உன்னை மட்டும்தான் பார்த்திருக்கேன்," என்றார்.

விசிலம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு புதுப் படத்தை அச்சடிக்கச் சொன்னார், வட்டத்தோடேயே. சாயங்காலம் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் நாற்காலி நுனியில் உட்காருவதில்லை, நேராகச் சுவரிடம் போய்விடுகிறார்கள்.